வலி எப்போது வந்தது, கோபம் எப்போது வந்தது

வணக்கம். தலைவலியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். சரி என்றேன். ஆனால் தண்ணீர் நிறையக் குடியுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நம் ஆட்கள் இருக்கும் சேட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ தொங்காட்டோ, எங்கே போனாலும், கோயிலிலும் கல்யாண ஹாலிலும் பெண்கள் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சிஸ்டர், தலைவலி வந்தால் அவர் ஆளே மாறிப்போகிறார், கத்துகிறார், கதவைக் குத்துகிறார், பிள்ளைகள் பயந்து ஆயா, அதாவது பாட்டி, ரூமுக்குள் ஓடிவிடுகிறார்கள். இது வியாதியா, இல்லை அவர் குணமா?" இன்றைக்குப் பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றித்தான். சில சமயம் கேட்பது ஆண்கள், மனைவியைப் பற்றியோ மகளைப் பற்றியோ. அதையும் மறக்கவில்லை.

முதலில் எந்தத் தலைவலி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் சைனஸ் என்று சொல்லிவிடுகிறோம், டர்பனின் ஈரக்காற்று அதற்கு ஒரு சாக்கு. உலகத்தில் ஏழு பேரில் ஒருவருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி, மைக்ரேன். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும், குமட்டல் வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, நடந்தால் கூடும். அதனால் மைக்ரேன் வந்தவர் பெரும்பாலும் இருட்டறையில் அசையாமல் படுத்துக்கொள்வார். அவரிடம் எரிச்சல் வருவதில்லையா? வரும், ஆனால் அது பெரும்பாலும் வலிக்கு முன்னாலேயே வரும். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம், ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மேல் திடீர் ஆசை, அப்புறம் காரணமில்லாத சிடுசிடுப்பு. வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்றால், சண்டை போட்டாள், அதனால் தலைவலி வந்தது என்று. பல நேரம் நடப்பது நேர்மாறு: தலைவலி ஏற்கெனவே மூளைக்குள் தொடங்கிவிட்டது, அந்தச் சிடுசிடுப்பே அதன் முதல் அறிகுறி. புரட்டாசி விரதத்திலும் காவடி விரதத்திலும் வேளைக்குச் சாப்பிடாமல் இருப்பவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம், ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவறவிடுவது மைக்ரேனைக் கிளப்பிவிடும் பழைய காரணங்களில் ஒன்று.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் கதவைக் குத்த வைப்பது. கிளஸ்டர் தலைவலி என்பார்கள், தமிழில் கொத்துத் தலைவலி என்று எழுதுகிறார்கள். சுமாராக ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும். 4 மில்லியனுக்கு மேல் ஆட்கள் இருக்கும் நம் ஈத்தெக்வினி மாநகராட்சியில், அதாவது டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும், அந்தக் கணக்குப்படி சில ஆயிரம் பேருக்காவது இருக்க வேண்டும், ஆனால் தனக்கு இருப்பது இதுதான் என்று பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 20 வயதுக்கும் 40க்கும் நடுவில் தொடங்கும். ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால், பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டுத் திருகுவதுபோல வலிக்கும். அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கும், அதே பக்க மூக்கு அடைக்கும், நெற்றி வியர்க்கும். 15 நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை. ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இப்படி வந்துவிட்டு, அப்புறம் சுத்தமாக நின்றுபோய், அடுத்த வருடம் ஏறக்குறைய அதே பருவத்தில் திரும்பி வரும். இரவில் தூங்கிய ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடும், சில வீடுகளில் கடிகாரத்தையே அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

இந்த வலியில் மனிதனால் படுக்க முடியாது. மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் விதிகளிலேயே அமைதியின்மை, கிளர்ச்சி என்பது ஓர் அறிகுறியாக எழுதப்பட்டிருக்கிறது, அதாவது கண் சிவப்பதுபோல, மூக்கு அடைப்பதுபோல, நிலைகொள்ளாமல் அலைவதும் நோயின் அடையாளம். நடப்பார், உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவார், தலையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார், சுவரில் தலையை மோதுவார், கண்ணைத் தன் முஷ்டியால் அழுத்துவார். 1939இல் அமெரிக்காவில் ஹார்ட்டன் என்ற மருத்துவர் இந்த நோயாளிகளைப் பற்றி எழுதியபோதே, வலி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளாதபடி காவல் இருக்க வேண்டியிருந்தது என்று குறிப்பிட்டார். யாரைக் காயப்படுத்துகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் தன்னைத்தான். ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது, நீண்ட இடைவெளி இல்லாமல் நாள்பட்ட கிளஸ்டர் தலைவலி உள்ளவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது தன்மேல் திரும்புகிற கோபமும் அதோடு சேர்ந்த மனச்சோர்வும்தான். அடுத்தவரை அடிப்பது இந்த நோயின் வழக்கம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எல்லாக் குழப்பமும் அங்கேதான் நடக்கிறது. கொத்துத் தலைவலி வருகிற பருவத்தில் ஒரு பியர் போதும், கொஞ்சம் வைன் போதும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தாக்குதல் வந்துவிடும். அந்தப் பருவம் முடிந்துவிட்டால் அதே ஆள் அதே அளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாது. இப்போது வீட்டார் கண்ணால் பாருங்கள்: சனிக்கிழமை மாலை பிராய், அதாவது முற்றத்தில் கறி சுடும் விருந்து, மாமா ஒரு பாட்டிலைக் குடித்தார், கொஞ்ச நேரத்தில் கண் சிவந்தது, நாற்காலியைத் தள்ளிவிட்டார், கத்தினார், சுவரில் முட்டினார். குடித்துவிட்டு ஆடுகிறான் என்றுதான் சொல்வார்கள், வேறென்ன சொல்வார்கள்? அவருக்கே அப்படித்தான் தோன்றும், மறுநாள் வெட்கப்பட்டு இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வார், ஆனால் அன்று இரவு ஒரு சொட்டும் குடிக்காமலே ஒரு மணிக்கு எழுந்து மறுபடி சுவரில் முட்டுவார். அந்த இரண்டாவது சம்பவத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பிரிவுக்கு ஒருமுறை ஒருவரைப் போலீஸ் வண்டியில் கொண்டுவந்தார்கள், அக்கம்பக்கத்தார் போன் செய்திருக்கிறார்கள், வாயில் பியர் வாசனை, நெற்றியில் ரத்தம், இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை. பணியில் இருந்த இளம் டாக்டர் அவருடைய வலது கண்ணை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார், இமை தொங்கியிருக்கிறது, கண்ணீர் ஒரே பக்கம் வழிகிறது. பிடித்திருந்தவர்களை விடச் சொல்லிவிட்டு ஆக்ஸிஜன் முகமூடியை அவர் கையிலேயே கொடுத்தார். கால் மணி நேரத்தில் அந்த மனிதர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், கொண்டுவந்த போலீஸ்காரரிடம் மன்னிப்பும் கேட்டார். எத்தனை வருடமாக இப்படி என்று விசாரித்தால், பத்து வருடத்துக்கு மேலே, நடுவில் அந்தப் பக்கப் பற்கள் மூன்றைப் பிடுங்கியாகிவிட்டது. பல் என்று நினைத்துப் பிடுங்குவதும், சைனஸ் என்று நினைத்து வருடக்கணக்கில் ஆண்டிபயாட்டிக் விழுங்குவதும் இந்த நோயில் எங்கும் நடக்கிற கதை.

காத்துக் கருப்பு பிடித்திருக்கிறது, முனி அடித்திருக்கிறது என்று நினைக்கிற வீடுகளும் உண்டு. நடுராத்திரி, குறிப்பிட்ட மணிக்கு, ஒரு கண் மட்டும் சிவந்து, தலையை முட்டிக்கொண்டு ஒருவர் அலைந்தால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. சாமி அறைக்குப் போங்கள், விபூதி பூசுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், நானும் வேண்டிக்கொள்கிறவள்தான். ஆனால் ஆளைக் கட்டிப்போடாதீர்கள், வேப்பிலையால் அடிக்காதீர்கள், புகை போடாதீர்கள். கிளஸ்டர் வலியில் இருப்பவரை அசையாமல் பிடித்தால் அவர் திமிறுவார், திமிறும்போது உங்களுக்கு அடி விழும், அப்புறம் அதையே ஆவேசம் என்பீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால், விஞ்ஞானம் சொல்லும் பதில் பாதிவரைதான் தெளிவாக இருக்கிறது. 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் தாக்குதல் நடக்கும்போதே நோயாளிகளின் மூளையை ஸ்கேன் செய்து, ஹைப்போதலாமஸ் என்கிற அடிப்பகுதியில் ஒரு சிறு இடம் வேலை செய்வதைக் கண்டார்கள். தூக்கத்தையும் நேரத்தையும் பசியையும் நடத்துகிற பகுதி அது, வலி மணி தவறாமல் வருவதற்கு அதனால் ஒரு விளக்கம் கிடைத்தது. அதே ஹைப்போதலாமஸின் சில இடங்களை மின்சாரத்தால் தூண்டினால் சாதுவான பூனைகூடச் சீறிப் பாயும் என்று சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் காட்டினார், 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஆகவே தலைவலிக்காரர் தாக்குவார் என்று சொல்வது அவசரம், நான் சொல்ல மாட்டேன். வலிக்கே ஒரு குணம் உண்டு என்பது மட்டும் உறுதி. 1962இல் உல்ரிச், அஸ்ரின் என்ற இருவர், சண்டையே போடாமல் இருந்த இரண்டு எலிகளுக்குக் காலில் மின் அதிர்ச்சி கொடுத்தால் உடனே ஒன்றை ஒன்று தாக்குவதைக் காட்டினார்கள். பெர்கோவிட்ஸ் என்ற உளவியலாளர் மனிதர்களின் கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் செய்து பார்த்தார், கை வலித்தவர்கள் எதிரில் இருந்தவரிடம் கடுமையாக நடந்துகொண்டார்கள், அவர் ஒன்றும் செய்யாதபோதும். அதாவது வலி எரிச்சலைக் கொண்டுவரும், கை ஓங்கும் தூண்டுதலையும் கொண்டுவரும். ஓங்கிய கையை இறக்குவது இன்னும் அந்த மனிதரிடம்தான் இருக்கிறது.

இப்போது அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வியாதியா, குணமா? எனக்குத் தெரிந்த நம்பகமான வழி ஒன்றுதான், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம் எழுதி வைப்பது. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது. கோபம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது அடங்கியது. எதை உடைத்தார், யாரைப் பார்த்துக் கத்தினார், யார் மேல் கை வைத்தார். ஒரு மாதம் எழுதுங்கள். வலியோடு வந்து வலியோடு போகிற ஆத்திரம், சுவரிலும் தன் தலையிலும் இறங்குகிற ஆத்திரம், முடிந்ததும் சோர்ந்து உட்கார்ந்து வெட்கப்படுகிற ஆள் என்றால், நோயைப் பிடியுங்கள், தலைவலி அடங்கினால் இதுவும் அடங்கும். வலி இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் அடி விழுகிறது, முதலாளியிடமும் அண்ணனிடமும் அடக்கமாக இருப்பவர் வீட்டுக்குள் உங்களிடம் மட்டும் கை நீட்டுகிறார், சம்பளம் கேட்டால் மட்டும் தலைவலி வருகிறது என்று புத்தகம் சொன்னால், அதைத் தலைவலிக் கணக்கில் எழுதாதீர்கள். அதற்கு டாக்டரிடம் மருந்து கிடையாது. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. எந்த நேரமும் கூப்பிட 0800 428 428, அது பாலின வன்முறைக்கான அரசு உதவி எண், போன் செய்யக் காசு ஆகாது. நோய் உண்மையாகவே இருந்து, அடியும் விழுந்தால்? அப்போது இரண்டையும் செய்யுங்கள். ஒன்று இன்னொன்றை ரத்து செய்வதில்லை.

தலைகீழாகவும் பார்க்க வேண்டும், நாங்கள் அவசரப் பிரிவில் இதைத்தான் அதிகம் பார்த்தோம். அடிபட்ட தலைக்கு மாதக்கணக்கில் தலைவலி இருக்கும், எரிச்சலும் மறதியும் கூடவே வரும். சின்ன வயதில் அடியும் கொடுமையும் பட்டவர்களிடம் பெரியவர்களான பிறகு மைக்ரேன் அதிகம் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "அவளுக்கு எப்பவும் தலைவலி, எப்பவும் கோபம்" என்று ஒரு மருமகளைப் பற்றி யாராவது சொன்னால், அந்தத் தலையில் என்றைக்காவது அடி விழுந்ததா என்று தனியாக வைத்துக் கேளுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்டுப் பயனில்லை.

மருந்தாலும் குணம் மாறும். மைக்ரேனைத் தடுக்கக் கொடுக்கிற டோபிரமேட் சிலரை எரிச்சல்காரர்களாகவும் மனம் சோர்ந்தவர்களாகவும் ஆக்கும், மருந்து தொடங்கிய தேதியையும் அதே நோட்டில் எழுதினால் இது பிடிபடும். தானாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். அப்புறம் டக்‌ஷாப்பில், அதாவது சின்னப் பெட்டிக்கடையில், ஒற்றை ஒற்றையாக வாங்குகிற தலைவலித் தூள், கோடீன் கலந்த மாத்திரை. ஆஸ்பிரின், பாராசிட்டமால், கஃபீன் மூன்றும் சேர்ந்த கலவையை மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்தால் அந்த மருந்தே தினசரித் தலைவலியை உண்டாக்கும். கோடீனுக்கும் அதே கணக்கு, அதோடு அது பழக்கமாகிவிடும், கிடைக்காத நாளில் உடம்பு நடுங்கும், சண்டை வரும். எத்தனையோ வீட்டில் அப்பாவின் காலைக் கோபம் என்பது முந்தின ராத்திரி எடுத்த தூளின் வேகம் இறங்குகிற கோபம்.

சில அறிகுறிகளுக்கு நோட்டு எழுதிக்கொண்டு உட்கார நேரமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும். ஒரு கை கால் பலவீனம், வலிப்பு, பேச்சுக் குழறல். அமைதியான ஒருவர் சில வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறிக்கொண்டே வருவது, வலி இல்லாத நேரத்திலும் மாற்றம் அப்படியே நிற்பது. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம். எச்ஐவி உள்ளவருக்கு கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையில் பரவி, தலைவலியோடு குழப்பத்தையும் கொண்டுவரலாம், நம் மாகாணத்தில் இதை எந்த நர்ஸும் மறப்பதில்லை. நாடாப்புழு முட்டையால் வருகிற மூளைக் கட்டிகளும் நம் நாட்டில் உண்டு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ராத்திரியாக இருந்தாலும்.

கொத்துத் தலைவலிதான் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் என்ன செய்வது? பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள், அப்பாவுக்கு வலி, உங்கள் மேல் கோபமில்லை என்று ஒரு வரி சொல்லி அனுப்புங்கள். கண்ணாடிச் சாமானை எடுத்துவிடுங்கள், நடக்க இடம் விடுங்கள், தொடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், கார் சாவியை வாங்கி வையுங்கள். நோயாளியிடமும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஐயா, தம்பி, யாராக இருந்தாலும்: வலி இல்லாத நாளில் உட்கார்ந்து, வலி வந்தால் எந்தப் பக்கம் போவீர்கள் என்று முடிவு செய்து வீட்டாரிடம் சொல்லுங்கள், கேரேஜோ முற்றமோ, கதவு திறந்திருக்கட்டும். உடைத்ததை நீங்களே பெருக்கி எடுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் அந்த நொடியே 0800 567 567 எண்ணுக்குப் பேசுங்கள், மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் எண் அது.

மருந்து இருக்கிறது, அதுதான் என் ஆதங்கம். சுத்தமான ஆக்ஸிஜன், நிமிடத்துக்கு 12 லிட்டர், பை வைத்த முகமூடி வழியாக, 15 நிமிடம். 2009இல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வில் ஆக்ஸிஜன் எடுத்த தாக்குதல்களில் 78 சதவீதம் கால் மணிக்குள் அடங்கின, வெறும் காற்று கொடுத்தபோது 20 சதவீதம்தான். சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசியும் வேகமாக வேலை செய்யும், ஆனால் இதய நோய் இருப்பவருக்கு ஆகாது, நம் ஆட்களிடம் சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வராமல் தடுக்க வெரபாமில் உண்டு, ஈசிஜி பார்த்துக்கொண்டே அளவைக் கூட்டுவார்கள். சிலிண்டர் வீட்டுக்கு வந்தால் அந்த அறையில் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது, ஆக்ஸிஜன் பக்கத்தில் நெருப்பு விளையாட்டில்லை. மின்சாரத்தில் ஓடுகிற இயந்திரத்தை வாங்கிவிட்டுக் கரண்ட் போகும் இரவில் தவிக்காதீர்கள், வீட்டு இயந்திரங்களில் பலவற்றால் 12 லிட்டர் தரவும் முடியாது. நாள்பட்ட மூச்சு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆக்ஸிஜன் எடுக்கக் கூடாது.

மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் வலிப்பு நோய் இருக்கிறது, மைக்ரேன் இல்லை, கிளஸ்டரும் இல்லை. இது நியாயமில்லை என்று நான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் டாக்டரிடம் எழுத்தில் கடிதம் வாங்கி விண்ணப்பியுங்கள், மறுத்தால் மறுபடி விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அந்த நோட்டையும், தாக்குதல் நேரத்தில் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள், முகத்தின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். நீங்கள் உள்ளே போய் உட்காரும்போது வலி போயிருக்கும், கண் வெளுத்திருக்கும், அந்த வீடியோ இல்லையென்றால் டாக்டர் பார்ப்பது நன்றாக இருக்கிற ஒரு மனிதரைத்தான். நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கிறவர்களுக்கு முதலில் கிடைக்கிறது, இத்தனை வருடம் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவள் சொல்கிறேன். வணக்கம்.